அணிக்குறி எழுத்துருக்களும் காட்சிவழித் தொடர்பாடலும்: மட்டாஞ்சேரிச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

எழுத்தைப் பற்றிய மொழியியல் ஆய்வுகள் பெரும்பாலும் ஒலிக்கும் வரிவடிவத்துக்கும் இடையே உள்ள உறவையே ஆராய்ந்து வந்துள்ளன. ஓர் அச்சுப் பக்கத்தில் எழுத்துகளோடு இடம்பெறும் பூ, இலை, நட்சத்திரம், அம்புக்குறி, சுட்டும் கை, சரிக்குறி போன்ற உருவங்கள் மொழியியலாரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்ததில்லை. அவை அச்சகத்தாரின் அழகுணர்ச்சியைச் சார்ந்தவை என்று கருதப்பட்டதே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும் இவ்வுருவங்கள் படிப்போருக்குச் செய்தியை உணர்த்துகின்றன. சில இடங்களில் சொல்லைவிடத் தெளிவாகவே உணர்த்துகின்றன. அவை சிதையும்போது செய்தியும் சிதைகிறது.

இத்தகைய உருவங்களை எழுத்துகளைப் போலவே அடுக்கிப் பயன்படுத்துவதற்கென அமைந்த எழுத்துருத் தொகுதிகளை இக்கட்டுரை 'அணிக்குறி எழுத்துருக்கள்' என்று குறிப்பிடுகிறது. இவற்றின் தோற்றத்தையும் காட்சிவழித் தொடர்பாடலில் இவற்றின் பணியையும் விளக்குவது கட்டுரையின் முதல் நோக்கமாகும். கணிப்பொறியில் தமிழ் எழுதப்பட்ட முறைக்கும் இவ்வெழுத்துருக்களுக்கும் உள்ள நெருங்கிய உறவையும், அதனால் தமிழ் ஆவணங்களுக்கு நேர்ந்துள்ள இழப்பையும் எடுத்துக்காட்டுவது இரண்டாவது நோக்கமாகும். கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியிலிருந்து பெற்ற சான்றுகள் முதன்மையாகக் கையாளப்பட்டுள்ளன. பல மொழிகளும் பல எழுத்துகளும் குறுகிய நிலப்பரப்பில் கலந்து வழங்கும் இடம் என்பதால் மட்டாஞ்சேரி இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாகிறது.

2. அணிக்குறி எழுத்துரு: விளக்கமும் தோற்றமும்

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், எழுத்தின் உயரத்திலேயே வார்க்கப்பட்ட சிறு பூ அச்சுகளும் பயன்பட்டன. எழுத்தோடு எழுத்தாக வரியில் வைத்துக் கோக்கத்தக்கவையாக இருந்தமையே இவற்றின் தனிச்சிறப்பு. மரத்தில் செதுக்கிய படக்கட்டை ஒரு படத்தை மட்டுமே தரும். பூ அச்சையோ திரும்பத் திரும்ப அடுக்கிக் கரை, மூலை, வரிப்பிரிப்பு எனப் பல வடிவங்களை உருவாக்கலாம். ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டிலேயே இத்தகைய அச்சுகள் பரவிவிட்டன. வெனிசு நகரத்து ஆல்டஸ் மனூசியஸ் பயன்படுத்திய கொடியிலை வடிவமும், பிரான்சு நாட்டு ராபர்ட் கிரான்ஜோன் வெட்டிய கொடிப்பின்னல் அச்சுகளும் இவற்றுள் புகழ்பெற்றவை. சுட்டும் கை வடிவம் இவற்றினும் பழையது. கையெழுத்துச் சுவடிகளின் ஓரத்தில் படிப்போர் வரைந்த குறியே பின்னர் அச்சுக்கு வந்தது.

கொச்சி அச்சுக்கலை வரலாற்றில் இடம்பெற்ற ஊர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. அன்றிரீக்கு அன்றீக்கசு என்னும் சேசுசபைத் துறவியின் அடுத்த நூலாகிய 'கிரீசித்தியானி வணக்கம்' 1579ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் அச்சேறியது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1679இல், அந்தாவோ டி புரோவென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி கொச்சிக்கு வடக்கே அம்பலக்காட்டில் அச்சாயிற்று. தமிழ் எழுத்து வார்ப்பெழுத்தாக மாறிய தொடக்கக் காலத்திலேயே இக்கடற்கரை அதில் பங்கு கொண்டிருந்தது.

ஒளியச்சுக் கோப்பும் கணிப்பொறியும் வந்தபின் பூ அச்சுகள் புதிய வடிவம் பெற்றன. செருமானிய எழுத்து வடிவமைப்பாளர் எர்மன் சாப் வரைந்த ஏறத்தாழ ஆயிரம் உருவங்களிலிருந்து 360 உருவங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு 1978இல் 'சாப் டிங்பேட்ஸ்' என்னும் பெயரில் வெளியிடப்பட்டன. பின்னர் அவ்வெழுத்துருவின் ஒரு வடிவம் ஒளியச்சுப் பொறிகளிலேயே பொருத்தப்பட்டமையால் உலகெங்கும் பரவியது. சார்லஸ் பிகலோ, கிரிஸ் ஹோம்ஸ் ஆகிய இருவர் வடிவமைத்த உருவங்களின் தொகுதியை மைக்ரோசாப்ட் நிறுவனம் பெற்று, 'விங்டிங்ஸ்' என்னும் பெயரில் 1992இல் வெளிவந்த விண்டோஸ் 3.1 உடன் வழங்கியது. இன்று அணிக்குறி எழுத்துரு என்றவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது இதுவே.

இவ்வெழுத்துருக்களின் அமைப்பு எளியது. விசைப்பலகையில் ஓர் ஆங்கில எழுத்தைத் தட்டினால், கணிப்பொறி அவ்வெழுத்துக்குரிய குறியெண்ணையே பதிவு செய்கிறது. எழுத்துரு மட்டும் அக்குறியெண்ணுக்கு எழுத்தின் வடிவத்தைக் காட்டாது ஒரு குறியின் வடிவத்தைக் காட்டுகிறது. விங்டிங்ஸில் 'எஃப்' என்னும் பெரிய எழுத்தைத் தட்டினால் வலப்புறம் சுட்டும் கை தோன்றும். 'ஜே' என்பதைத் தட்டினால் சிரித்த முகம் தோன்றும். பொறிக்கு அது எழுத்து. படிப்போருக்கு அது படம். இவ்விரட்டைத் தன்மையே பின்னர் விளக்கப்படும் சிக்கல்கள் அனைத்துக்கும் வேராக உள்ளது.

3. மட்டாஞ்சேரி: பன்மொழிச் சூழலும் குறிகளும்

மட்டாஞ்சேரியில் மலையாளத்தோடு கொங்கணி, குசராத்தி, கச்சி, தமிழ், உருது, மராத்தி முதலிய மொழிகளைப் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். இம்மொழிகளுக்குரிய எழுத்துகளும் வேறுபட்டவை. ஒரு மொழியின் எழுத்து மட்டும் எல்லோருக்கும் பயன்படாத இச்சூழலில் குறிகளின் தேவை இயல்பாகவே மிகுகிறது.

இங்குள்ள பரதேசி யூதத் தொழுகைக் கூடம் 1568இல் கட்டப்பட்டது. கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய உரிமைகளைக் கூறும் செப்பேடு இக்கூடத்தாரால் பாதுகாக்கப்பட்டு வந்தது. அது வட்டெழுத்தில், சில கிரந்த எழுத்துகள் விரவப் பொறிக்கப்பட்டது. தமிழ் எழுத்து வரலாற்றை ஆராய்வோரும் அறிந்த ஆவணம் அது. கூடத்தின் மணிக்கூண்டு 1760இல் எழுந்தது. அதன் முகப்புகளில் எபிரேயம், உரோமன், மலையாளம் என வெவ்வேறு எண்ணுருவங்கள் காணப்படுகின்றன. ஒரே நேரத்தை வெவ்வேறு எழுத்து மரபினர்க்குத் தனித்தனியே எழுதிக் காட்டும் முயற்சி அது. ஆனால் முட்கள் நிற்கும் நிலையைக் கொண்டே நேரத்தை அறியவல்ல ஒருவருக்கு எவ்வெண்ணும் தேவையில்லை. பன்மொழிச் சூழலில் செய்தியைத் தெரிவிக்க இரு வழிகள் உள்ளன என்பதை இம்மணிக்கூண்டு ஒருங்கே காட்டுகிறது: ஒன்று, எல்லா எழுத்திலும் எழுதுதல், மற்றொன்று, எழுத்தைச் சாராத குறியைப் பயன்படுத்துதல்.

கடைவீதிச் சாலையின் பண்டகசாலைகளில் இரண்டாவது வழியே மேலோங்கியுள்ளது. மிளகு, இஞ்சி, ஏலம் போன்ற சரக்குகள் கப்பலேறும்போது மூட்டைகளிலும் பெட்டிகளிலும் கையாளுதற்குரிய குறிகள் அச்சிடப்படுகின்றன. குடை வடிவம் நனையாது காக்க வேண்டும் என்பதையும், மதுக்கிண்ண வடிவம் உடையும் பொருள் என்பதையும், இரண்டு மேல்நோக்கிய அம்புகள் மேற்பக்கத்தையும் குறிக்கின்றன. கொக்கியின்மேல் குறுக்குக்கோடு இட்ட வடிவம், மூட்டையைக் கொக்கியால் குத்தித் தூக்கலாகாது என்பதை உணர்த்துகிறது. இவை பன்னாட்டுத் தர அமைப்பின் 780ஆம் எண் தரத்தில் வரையறுக்கப்பட்டவை. மலையாளம் பேசும் சுமைத் தொழிலாளர் ஒருவரும் அயல்நாட்டுத் துறைமுகத் தொழிலாளர் ஒருவரும் ஒரே குறியைத் தத்தம் மொழியில் படித்து ஒரே செயலைச் செய்கின்றனர்.

தமிழரோடு தொடர்புடைய சான்று ஒன்றும் அருகிலேயே கிடைக்கிறது. மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் தமிழ் பேசும் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் ஆடைகளை வெளுப்பதற்காகத் தங்கள் முன்னோர் அழைத்துவரப்பட்டனர் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. பலருடைய துணிகள் ஒன்றாக ஊறி, ஒன்றாக உலரும் தொழிலில் உரிமையாளரை அடையாளம் காணக் குறி இன்றியமையாதது. தமிழகத்தில் சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இடப்பட்ட அழியாக் குறியை 'வண்ணான் குறி' என்று வழங்கினர். புள்ளி, கோடு, சிலுவை, வட்டம் ஆகிய சில உறுப்புகளை மாற்றி மாற்றி இணைத்துப் பல வீடுகளை வேறுபடுத்தும் ஒழுங்கு இத்தகைய குறியீட்டில் அமைந்துள்ளது. குறைந்த உறுப்புகளைக் கொண்டு மிகுந்த வேறுபாடுகளை உருவாக்கும் இவ்வியல்பு மொழிக்குரிய அடிப்படை இயல்புகளுள் ஒன்று என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

4. குறிகளின் வகையும் பணியும்

அமெரிக்க மெய்யியலார் சார்லஸ் பியர்ஸ் குறிகளை மூவகையாகப் பகுத்தார். பொருளை ஒத்த வடிவுடையது படவுரு. பொருளோடு நேர்த்தொடர்பால் அதனைக் காட்டுவது சுட்டுக்குறி. வழக்கத்தால் மட்டுமே பொருள் பெறுவது மரபுக்குறி. அணிக்குறி எழுத்துருக்களில் மூவகையும் உள்ளன. தொலைபேசி, கத்தரிக்கோல், உறை ஆகியவை படவுருக்கள். அம்பும் சுட்டும் கையும் சுட்டுக்குறிகள். சரிக்குறி, தவறுக்குறி, சமயச் சின்னங்கள் ஆகியவை மரபுக்குறிகள்.

இவற்றின் பணிகளை நான்காகத் தொகுக்கலாம்.

முதலாவது, பிரித்தல். பத்திகளுக்கிடையே வரும் மூன்று நட்சத்திரங்களும் இயலின் இறுதியில் வரும் இலையும் இப்பணியைச் செய்கின்றன. பேச்சில் இடைநிறுத்தம் செய்யும் வேலையைப் பக்கத்தில் இவை செய்கின்றன.

இரண்டாவது, கவனத்தைத் திருப்புதல். துண்டறிக்கைகளில் வரும் கை வடிவம் 'இதோ', 'இங்கே' என்னும் சுட்டுச்சொற்களுக்கு இணையானது. மொழியியல் கட்டுரைகளிலும் இதற்கு இடமுண்டு. 1993இல் அறிமுகமான உகப்புக் கோட்பாட்டில், போட்டியிடும் வடிவங்களுள் வெற்றி பெற்ற வடிவத்தைக் காட்ட இதே கை வடிவம் அட்டவணையில் இடப்படுகிறது.

மூன்றாவது, வேறுபடுத்துதல். சரிக்குறியும் தவறுக்குறியும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதால் பொருள் பெறுகின்றன. மொழிக்குறியின் மதிப்பு பிற குறிகளோடு கொண்ட வேறுபாட்டிலேயே உள்ளது என்னும் சசூரின் கருத்து இங்கு முழுமையாகப் பொருந்துகிறது. அவ்வேறுபாடு எளிதில் அழியக்கூடிய ஒரு கூறின்மீது மட்டும் நின்றால் குறி பயனற்றுப் போகும். இந்தியாவில் உணவுப் பொட்டலங்களில் சைவ உணவுக்குப் பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டமும், அசைவ உணவுக்குப் பழுப்புச் சதுரத்துள் பழுப்பு வட்டமும் இடப்பட்டு வந்தன. நிறக்குறைபாடு உடையோர் இவற்றை வேறுபடுத்தி அறிய இயலாமையால், 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அசைவக் குறியின் வட்டம் முக்கோணமாக மாற்றப்பட்டது. நிறத்தோடு வடிவமும் வேறுபடும்போதுதான் எதிர்நிலை உறுதிப்படுகிறது.

நான்காவது, குழு அடையாளத்தை உணர்த்துதல். விங்டிங்ஸ் தொகுதியில் சிலுவை வடிவங்கள், தாவீதின் விண்மீன், பிறையும் விண்மீனும், ஓங்காரம், அறவாழி ஆகியவை அடுத்தடுத்த இடங்களில் வைக்கப்பட்டுள்ளன. மட்டாஞ்சேரித் தெருக்களிலும் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், யூதத் தொழுகைக் கூடம் ஆகியவை நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. விசைப்பலகையில் இச்சின்னங்கள் வெறும் வரிசை எண்களாகக் கிடந்தாலும், படிப்போர் மனத்தில் அவை அவ்வாறு கிடப்பதில்லை. 1992இல் நியூயார்க் நகரைக் குறிக்கும் என், ஒய், சி என்னும் மூன்று எழுத்துகளை இவ்வெழுத்துருவில் தட்டியவர்கள் மண்டையோடு, தாவீதின் விண்மீன், உயர்த்திய கட்டைவிரல் ஆகிய மூன்று குறிகள் வரிசையாக வருவதைக் கண்டு அதிர்ந்தனர். அது யூதர்க்கு எதிரான செய்தி என்று எழுந்த குற்றச்சாட்டை அந்நிறுவனம் மறுத்து, அது தற்செயலாக நேர்ந்தது என விளக்கியது. தற்செயலான வரிசையிலும் படிப்போர் ஒரு வாக்கியத்தைக் கண்டனர் என்பதே மொழியியல் நோக்கில் கருதத்தக்கது. குறிகள் அருகருகே நிற்கும்போது மனித மனம் அவற்றிடையே தொடரியல் உறவைக் கற்பித்துக்கொள்கிறது.

குறிகள் எல்லா மக்களுக்கும் பொதுவானவை என்னும் கருத்து ஓரளவே உண்மையானது. நம் பள்ளிகளில் சரியான விடைக்கு இடப்படும் குறி, சுவீடன், பின்லாந்து, ஜப்பான் போன்ற நாடுகளில் பிழையைக் காட்டவும் பயன்படுகிறது. செஞ்சிலுவை மருத்துவத்தின் பொதுக்குறி என்று பலர் கருதினும், 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைச் சட்டம் இந்தியாவில் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே குறிகளுக்கும் வழக்கும் வரம்பும் உண்டு. அவற்றையும் கற்றுத்தான் அறிய வேண்டும்.

5. தமிழ் மரபில் குறியுருக்கள்

தமிழில் இத்தகைய குறிகள் புதியன அல்ல. ஓலைகளிலும் நிலப்பத்திரங்களிலும் வணிகக் கணக்குகளிலும் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், இலக்கம் ஆகியவற்றைக் குறிக்கத் தனி வடிவங்கள் வழங்கின. ௳, ௴, ௵, ௶, ௷, ௸, ௹, ௺ ஆகிய இவை 2003இல் வெளிவந்த ஒருங்குறியின் நான்காம் பதிப்பில் இடம்பெற்றன. பின்னக் கூறுகள், முகத்தலளவைகள் முதலியவற்றைக் குறிக்கும் 51 வடிவங்கள் 2019இல் தமிழ்ப் பிற்சேர்க்கையாக ஏற்கப்பட்டன. நூலின் முடிவைக் காட்ட ஏட்டில் இடப்பட்ட குறியும் அவற்றுள் ஒன்று. ஐரோப்பிய அச்சகத்தார் இயலின் இறுதியில் வைத்த இலையின் பணியும் இம்முடிவுக் குறியின் பணியும் ஒன்றே.

ஆயினும் இருவகைக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. தமிழ்க் கணக்குக் குறிகள் பெரும்பாலும் எழுத்துகளைச் சுருக்கியும் கூட்டியும் எழுதியதால் தோன்றியவை. விரைந்து எழுதும் கை அவற்றைப் படம் போலத் தோன்றும் வடிவத்துக்குக் கொண்டுவந்தது. அணிக்குறி எழுத்துருவின் உருவங்களோ படமாகத் தோன்றி, பின்னர் எழுத்துக்குரிய இடத்தில் வைக்கப்பட்டவை.

எழுத்து, எண், குறி ஆகிய மூன்றும் ஒரே வடிவத்தில் கலப்பதும் தமிழில் காணப்படுகிறது. 'உ' என்னும் வடிவம் உயிரெழுத்தாகவும், இரண்டு என்னும் எண்ணாகவும், கடிதத்தின் தலைப்பில் பிள்ளையார் சுழியாகவும் வருகிறது. அது எவ்வாறு படிக்கப்பட வேண்டும் என்பதைப் பக்கத்தில் அது நிற்கும் இடமே முடிவு செய்கிறது. தமிழ் இசுலாமியர் இல்லத் திருமண அழைப்பிதழின் தலைப்பில் 786 என்னும் எண் இடப்படுவதும் இத்தகையதே. அதனை எவரும் எழுநூற்று எண்பத்தாறு பொருள்களின் எண்ணிக்கையாகக் கொள்வதில்லை.

திருமண அழைப்பிதழ் அணிக்குறிகளின் பணியை அறியச் சிறந்த ஆவணமாகும். நாகசுரமும் தவிலும், குத்துவிளக்கு, பூரணகும்பம், வாழைமரம் ஆகியவற்றின் அச்சுக்கட்டைகளை அச்சகத்தார் முன்பு சேர்த்து வைத்திருந்தனர். கணிப்பொறி வந்தபின் அதே உருவங்கள் எழுத்துருக்களாகவும் படத்தொகுப்புகளாகவும் மாறின. உறையைப் பிரித்தவுடன், ஒரு சொல்லையும் படிக்கும் முன்னரே, வந்தது மங்கலச் செய்தி என்பதை இவ்வுருவங்களும் மூலையில் தடவிய மஞ்சளும் அறிவித்துவிடுகின்றன. நீத்தார் நினைவு அறிவிப்பின் கருங்கரையும் அவ்வாறே. இவற்றை ஒன்றுக்கு மற்றொன்றாக மாற்றி வைத்தால் ஏற்படும் அதிர்ச்சியே, இவை வெறும் அழகுப் பொருள்கள் அல்ல என்பதற்குத் தக்க சான்றாகும்.

6. எழுத்துருவின் முகமூடி

இதுவரை கூறியவை அணிக்குறிகளின் பயனைப் பற்றியவை. இனி, அவற்றைக் கணிப்பொறியில் அமைத்த முறையால் விளைந்த இடரைக் காண்போம்.

முன்னர்க் கூறியவாறு, விங்டிங்ஸில் தோன்றும் சிரித்த முகத்தின் அடியில் 'ஜே' என்னும் ஆங்கில எழுத்தின் பதிவே உள்ளது. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அம்மின்னஞ்சலைத் திறந்தவர்கள் வாக்கியத்தின் இறுதியில் பொருளற்ற ஒரு 'ஜே' நிற்பதைக் கண்டு குழம்பினர். 2010ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் இந்திய ரூபாய்க்குத் தனிக்குறி ஏற்கப்பட்டபோதும் இது நிகழ்ந்தது. அக்குறி பொறிகளில் முறையாக இடம்பெறும் முன், விசைப்பலகையின் இடக்கோடியில் உள்ள சாய்குறியின் இடத்தில் ரூபாய்க்குறியை வைத்த எழுத்துருக்கள் பரவின. அவ்வெழுத்துரு இல்லாத இடங்களில் விலைக்கு முன்னே வெறும் சாய்குறி மட்டும் தோன்றியது.

தமிழுக்கு நேர்ந்தது இதனினும் பெரிது. 1980களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கணிப்பொறியில் எழுதப்பட்ட தமிழின் பெரும்பகுதி அணிக்குறி எழுத்துருவின் முறையிலேயே எழுதப்பட்டது. 'பாமினி' என்னும் எழுத்துருவில் 'தமிழ்' என்று தோன்றும் சொல்லின் அடியில் பொறி பதிவு செய்திருப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. கணிப்பொறியைப் பொறுத்தவரை, மேற்கூறிய நான்கு எழுத்துகளுக்கு நான்கு பூக்களின் வடிவம் தருவதும் தமிழ் எழுத்துகளின் வடிவம் தருவதும் ஒன்றே. அதாவது, நம் எழுத்தைக் கணிப்பொறி ஓர் அணிகலனாகவே ஏற்றிருந்தது, மொழியாக ஏற்கவில்லை.

மேலும், ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கெனத் தனி அடுக்குமுறையை வகுத்துக்கொண்டது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு விசைப்பலகையையும் 'டாம்', 'டாப்' என்னும் குறியீட்டு முறைகளையும் தரப்படுத்த முயன்றது. அயலகத் தமிழரிடையே 'திஸ்கி' என்னும் முறை பரவியிருந்தது. இம்முயற்சிகள் குழப்பத்தை ஓரளவு குறைத்தன. ஆனால் குறியெண்களைப் பிறமொழி எழுத்துகளோடு பகிர்ந்துகொள்ளும் நிலை முற்றிலும் மாறவில்லை.

7. ஒரு கள ஆய்வுப் பட்டறிவு

இவ்விடரின் தன்மையை விளக்கக் கட்டுரையாளரின் சொந்தப் பட்டறிவு ஒன்றைக் குறிப்பிடுவது பொருத்தமாகும்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக 2000களின் நடுப்பகுதியில் கொச்சியில் தமிழ் பேசும் குடும்பங்களிடம் திரட்டிய தரவுகள் கணிப்பொறியில் அட்டவணைகளாக ஏற்றப்பட்டன. மலையாள வினைமுற்று பால், எண், இடம் காட்டும் விகுதி ஏற்பதில்லை. தமிழ் வினைமுற்று ஏற்கும். இரு மொழிச் சூழலில் வாழ்வோரின் தமிழில் இவ்விகுதிகள் எவ்வெவ்விடங்களில் நிலைக்கின்றன என்பது ஆய்வு வினாக்களுள் ஒன்று. ஒவ்வொரு தொடரையும் தகவலாளர் ஏற்றால் சரிக்குறியும், ஏற்காவிடில் தவறுக்குறியும் இடப்பட்டன. தமிழ் எழுத்துகள் பழைய எழுத்துரு ஒன்றிலும், குறிகள் விங்டிங்ஸிலும் இருந்தன.

சில ஆண்டுகளுக்குப் பின் அக்கோப்புகள் புதிய கணிப்பொறிக்கு மாற்றப்பட்டபோது எழுத்துருக்கள் நீங்கி, பதிவுகள் மட்டும் எஞ்சின. தமிழ்த் தொடர்களை மாற்றுச் செயலிகளின் உதவியால் மீட்க முடிந்தது. ஏனெனில் ஒரு குறியெண்ணுக்கு ஒரு தமிழ் வடிவம் என்னும் ஒழுங்கு இருந்தது. குறிகளின் நிலை வேறு. அவ்வெழுத்துருவில் சரிக்குறியின் அடியில் இருப்பது மேலே இரட்டைப் புள்ளி பெற்ற 'யு' என்னும் எழுத்து. தவறுக்குறியின் அடியில் இருப்பது மேலே கூரை போன்ற குறி பெற்ற அதே 'யு'. கோப்பை எளிய பனுவலாக மாற்றிய செயலி எழுத்தின் மேலுள்ள அடையாளங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டது. ஆம் என்றதும் இல்லை என்றதும் ஒரே 'யு' ஆகிவிட்டன.

ஆய்வேட்டில் அச்சான அட்டவணைகள் மட்டும் தாளில் இருந்தமையால் தப்பின. அச்சேறாத பகுதிகளில், எந்தத் தொடரை எவர் ஏற்றார், எவர் மறுத்தார் என்பதை இனி அறிய வழியில்லை. அத்தகவலாளருள் முதியோர் சிலர் இன்று இல்லை. மிகச் சிறிய இரு குறிகளுக்கிடையே இருந்த வேறுபாடு அழிந்ததால், ஒரு தலைமுறையின் மொழியுணர்வு பற்றிய சான்று அழிந்தது. குறிகளை அணி என்று கருதி, அவற்றின் அடியில் என்ன உள்ளது என்பதை எண்ணிப் பாராதது கட்டுரையாளரின் பிழையே. 'ஆம்', 'இல்லை' என்று சொல்லால் எழுதியிருப்பின், அல்லது 1, 0 என்னும் எண்களை இட்டிருப்பின் இவ்விழப்பு நேர்ந்திராது.

8. ஒருங்குறியும் இன்றைய நிலையும்

இச்சிக்கலுக்குத் தீர்வு, ஒவ்வொரு குறிக்கும் பிறவற்றோடு பகிராத தனிக் குறியெண்ணை வழங்குவதே. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே சாப் டிங்பேட்ஸ் தொகுதியின் உருவங்களுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. விங்டிங்ஸ், வெப்டிங்ஸ் ஆகிய தொகுதிகளின் எஞ்சிய உருவங்கள் 2014இல் ஏழாம் பதிப்பில் சேர்ந்தன. இப்போது சரிக்குறி எந்த எழுத்துருவில் எழுதினும் சரிக்குறியாகவே பதிவாகும். எழுத்துரு மாறினால் அதன் அழகு மாறலாம், அடையாளம் மாறாது. ஒலியனுக்கும் அதன் மாற்றொலிக்கும் உள்ள உறவு இதற்கு ஒப்புமையாகும்.

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்புச் செயலிகளுக்கும் இம்மாற்றம் இன்றியமையாதது. செயலி எழுத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, பதிவையே படிக்கிறது. பழைய எழுத்துருவில் அமைந்த தமிழ்ப் பக்கம் அதற்குத் தொடர்பற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலே. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றிய பக்கம் காதுக்குத் தமிழாக ஒலிக்கவில்லை.

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் 'டேஸ் 16' என்னும் பதினாறு நுண்மிக் குறியீட்டையும் ஏற்று ஆணையிட்டது. எனினும் அதற்கு முன்னர்ப் பழைய எழுத்துருக்களில் உருவான ஆய்வேடுகள், இதழ்க் கோப்புகள், சொற்றொகுதிகள் பலவும் இன்னும் வட்டுகளிலும் பழைய கணிப்பொறிகளிலும் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கும் எழுத்துருக்களும் பொறிகளும் மறைந்து வருகின்றன.

9. முடிவுரை

இக்கட்டுரையில் விளக்கப்பட்டவற்றைப் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம்.

அ. அணிக்குறிகள் பிரித்தல், கவனத்தைத் திருப்புதல், வேறுபடுத்துதல், குழு அடையாளத்தை உணர்த்துதல் என்னும் பணிகளைச் செய்கின்றன. பன்மொழிச் சூழலில் இப்பணிகள் சிறப்பிடம் பெறுகின்றன என்பதை மட்டாஞ்சேரிச் சான்றுகள் காட்டுகின்றன.

ஆ. குறிகளின் பொருள் வேறுபாட்டாலும் வழக்காலும் அமைகிறது. ஆகவே அவை மொழியியல் ஆய்வுக்கு உரியவையே.

இ. அணிக்குறி எழுத்துருவின் முறையில் தமிழ் எழுதப்பட்டமையால் ஆவணங்கள் தோற்றத்தில் தமிழாகவும் பதிவில் வேறாகவும் அமைந்தன.

ஈ. பழைய எழுத்துருக்களில் உள்ள கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும்போது தமிழ் எழுத்துகளோடு அட்டவணைக் குறிகளையும், கணக்குக் குறிகளையும், ஒலியியல் குறிகளையும் தனித்தனியே ஒப்புநோக்கி மாற்ற வேண்டும். மூலக்கோப்பை அழிக்காது வைத்திருப்பதும், பயன்படுத்திய எழுத்துருவின் பெயரைக் குறித்துவைப்பதும், ஒரு தாட்படியைப் பேணுவதும் நலம்.

உ. பல்கலைக்கழகத் துறைகளும் ஆய்வு நிறுவனங்களும் தம்மிடமுள்ள கள ஆய்வுக் கோப்புகளைத் திறந்து பார்க்கும் பணியை விரைந்து மேற்கொள்ள வேண்டும். அவற்றை எழுதியவர்களும் தகவல் தந்தவர்களும் இருக்கும்போதே செய்தால்தான் ஐயமான இடங்களைக் கேட்டுத் தெளிய இயலும்.

பாஸ்கர ரவிவர்மனின் செப்பேட்டில் உளி வெட்டிய வட்டெழுத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் ஆய்வாளர் படிக்கின்றனர். அதே ஊரில் இருபது ஆண்டுகளுக்கு முன் கணிப்பொறியில் இட்ட சரிக்குறியைப் படிக்க இயலவில்லை. எழுத்தாயினும் குறியாயினும் அதன் வடிவத்தோடு அதன் அடையாளத்தையும் பாதுகாப்பதே இன்று மொழியியலார் முன்னுள்ள கடமையாகும்.